மச்சானின் உயரம்

நண்டுக் கறியின் மணம் வாசற் படலையடிக்கே வந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம், கச்சான் காற்று முகத்தில் அனலை அடிக்க மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய சுதாகரனுக்கு அந்த மணத்தில் பசி வரவில்லை, பயம்தான் வந்தது. மாமியார் சீதேவி காரணமில்லாமல் வாவி நண்டைத் தன் சட்டியில் போடுகிற ஆள் இல்லை. புருஷன் அழகரத்தினம் விடியமுன் தோணியில் போய்ப் பிடித்து வருகிற நண்டில் கால் முறிந்ததுகூட ஆரையம்பதிச் சந்தைக்குத்தான் போகும். இன்றைக்கு முழு நண்டாக, தேங்காய்ப் பால் விட்டு, முருங்கையிலை போட்டு வந்திருக்கிறதென்றால் அதற்குள் ஒரு அலுவல் கிடக்கிறது.

சீதேவி மருமகனோடு நேரே கதைப்பதில்லை. கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் அந்த மரியாதை குறையவில்லை. சொல்ல ஏதும் இருந்தால் மகளிடம் சொல்வாள். மகள் கிட்டே இல்லாவிட்டால் முற்றத்துக் கோழியிடம் சொல்வாள். கோழிக்கு விளங்குகிறதோ இல்லையோ, மருமகனுக்கு விளங்கிவிடும்.

"புள்ள நிருஷா, அவருக்கு அந்தப் பெரிய நண்டப் போடு. நாளைக்கி முழுக்க நிண்டு கத்தப் போற மனிசன்" என்றாள் குசினிக்குள்ளிருந்து.

நிருஷா போட்டாள். சுதாகரன் தலையைக் குனிந்து பிசைந்தான்.

"ஏஜென்சிக்காரன் மறுகாவும் போன் எடுத்திட்டான்கா. கட்டார் விசா வந்திரிக்காம். இந்தக் கிழமைக்குள்ள சொல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்திருவானாம். நான் சொல்லிட்டன், எங்கட புள்ளைக்கு உள்ளூரிலயே சரிவந்திட்டு, எடுக்கிற ஆளே எங்கட வீட்டுலதான் இரிக்கார் எண்டு" என்றாள் சீதேவி மகளிடம்.

சுதாகரன் பிசைவதை நிறுத்தினான். "அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க மாமி. இன்னும் ஒண்டும் முடிவாகல்ல" என்றான்.

"இவரு ஏன் புள்ள பயப்படுறாரு? சொந்த மச்சானுக்குச் செய்யிறதுக்கு என்ன பயம்?"

விஷயம் இதுதான். தீவில் முதல்முறையாக ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் கொடுத்துக் கூடைப்பந்துத் தொடர் ஒன்று தொடங்கியிருந்தது. மட்டக்களப்பு அணிக்குக் கொழும்பிலிருந்து வினாயகமூர்த்தி என்ற பழைய ஆட்டக்காரர் தலைமைப் பயிற்சியாளராக வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பிக்கிற சுதாகரன் அவருக்கு உதவி. பெரிய ஆட்களையெல்லாம் எடுத்தாயிற்று. மிச்சம் ஒரே ஒரு இடம், பொயின்ற் காட். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். அந்த இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் கண்டியிலிருந்து வந்த ஆறடிப் பொடியன். மற்றவன் சீதேவியின் மகன் கஜரூபன். வீட்டில் ரூபன். பாதணியோடு நிறுத்தினால் ஐந்தடி நாலங்குலம்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை உழைத்துக் கட்டுவான், பிறகு கல்யாணமாகி இன்னொருத்தியின் அண்ணன் தம்பி கட்டிய வீட்டுக்குக் குடிபோவான். அதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. சுதாகரனின் தகப்பனும் பெண் பார்க்க வந்த அன்று, வீடு பூசி முடிந்து ஓடு போட்ட பிறகு நாள் வைப்போம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். மாகாண அணிக்கு ஆடிக்கொண்டிருந்த ரூபன் பந்தை மூலையில் போட்டுவிட்டுக் கட்டாருக்குப் போனான். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. அங்கே அவன் ஏறி இறங்கிய ஒவ்வொரு மாதமும் இங்கே ஒரு சுவர் எழும்பியது. அவன் திரும்பி வந்தபோது வயது இருபத்தாறு. அக்கா மாலை மாற்றியிருந்தாள். அத்தான் அவன் கட்டிய அறையில் அவன் வாங்கிய மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தான். இப்போது விடிய அப்பாவோடு தோணி, பின்னேரம் பந்து. இந்தத் தொடரும் தப்பினால் பிறகு பழையபடி சாரம்தான். அடுத்தமுறை வரும்போது கால் இருக்கும், வேகம் இராது.

இதையெல்லாம் சுதாகரன் மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் அவனுக்கு அந்த நண்டு செமித்திருக்கும்.

பின்னேரம் காத்தான்குடிக்குப் போனான். பயிற்சிப் பெனியன்களை அங்கே றம்ஸீனின் கடையில்தான் தைக்கக் கொடுத்திருந்தார்கள். நாலு தையல் மெஷின் ஒன்றாக ஓடுகிற சத்தத்துக்கு மேலால் றம்ஸீன் சிரித்துக்கொண்டு வரவேற்றான். பிளேன்ரீக்குச் சொல்லிவிட்டு பெனியன்களை ஒவ்வொன்றாக மடித்தான்.

"மாஸ்டர், தையல் பாருங்க. கிழிஞ்சா என்னக் கேளுங்க."

"நல்லாத்தான் இரிக்கு."

"எங்கட தம்பி இஷாம் இப்பவும் வீட்டுல மூஞ்சத் தூக்கிக்கிட்டுத்தான் இரிக்கான். ரெண்டு நாளா உம்மாவோடயும் கதையில்ல."

சுதாகரன் பெனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போன கிழமை தேர்வில் இஷாமைத் திருப்பி அனுப்பியவன் அவன்தான். ஐந்தடி ஆறங்குலம். உயரம் காணாது தம்பி, சம்பள ஆட்டம் வேற என்று தோளில் தட்டி அனுப்பினான்.

"நான் கோவத்தில செல்லல்ல மாஸ்டர்" என்றான் றம்ஸீன். கோபமே இல்லைதான், அதுதான் கூடச் சுட்டது. "உயரம் பத்தாதெண்டீங்க, நாங்களும் சரியெண்டிட்டம். இப்ப ஊருக்குள்ள கதைக்கிறாங்க, மாஸ்டர்ட மச்சான் அதவிடக் கட்டையாமே, அவர எடுக்கப் போறாங்களாமே எண்டு. நான் செல்லிட்டன், எங்கட மாஸ்டர் அப்பிடிப்பட்ட ஆள் இல்ல எண்டு."

"நான் தனிய எடுக்கிற முடிவில்ல றம்ஸீன்."

"தெரியும் தெரியும். ரீயக் குடிங்க, ஆறப்போகுது."

ரீ நெஞ்சு வரைக்கும் சுட்டது. திரும்பி வருகிற வழியில் ஆரையம்பதிச் சந்தியில் ஒரு ஆட்டோக்காரன் கையைத் தூக்கி, "என்ன சேர், வீட்டுக்கு ஒரு டீம் பெனியன் போகுதா?" என்று பகிடி விட்டான். ஒன்றுமில்லாத பகிடி. சுதாகரனுக்கு அது ஊர் முழுக்கச் சேர்ந்து கேட்டதுபோல இருந்தது. பெண்டாட்டி வீட்டுச் சோறு தின்கிறவன் வேறு என்ன செய்வான் என்று அவர்கள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டே வந்தான்.

ஞாயிறு காலை மட்டக்களப்பு உள்ளரங்கில் கடைசி ஆட்டம். மேலே தகரக் கூரை, உள்ளே வேக்காடு. காற்று வெளியே ஊளையிட்டதே தவிர ஒரு பொட்டு உள்ளே வரவில்லை. வினாயகமூர்த்தி ஒரு கதிரையைக் கோட்டுக்கு வெளியே இழுத்துப்போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். கண்டிப் பொடியன் ஒரு பக்கம், ரூபன் மறுபக்கம்.

தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே சுதாகரன் பயந்தது நடந்தது. எதிர்ப் பக்கம் ஸ்கிறீன் வைத்தது. அதாவது ரூபன் காவல் காக்கிற ஆளுக்குப் பக்கத்தில் ஒரு மலைபோன்ற பொடியன் வந்து குறுக்கே நின்றான். ரூபனின் அணியில் நின்ற நெடுவல், உயரமான பொடியன், கால் கெதியில்லாதவன், ஓடிப் பிடிக்க ஏலாமல் ஆளை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கத்தினான். மாற்றினதும் அந்த மலைக்கு முன்னால் ரூபன். பந்து மேலால் வந்தது. ரூபன் குதித்தான், மலையின் முழங்கைக்குக் கீழே நின்றது அவன் விரல். கூடை.

மறுபடியும் அதே வேலை. மறுபடியும் கூடை. இருந்த சிலர் சிரித்தார்கள். வினாயகமூர்த்தி சிரிக்கவில்லை. இப்படித்தான் ஒவ்வொரு ஊரிலும் ரூபனைத் தேடித் தேடி அடிப்பார்கள் என்று சுதாகரன் நினைத்தான்.

அதற்குப் பிறகு ரூபன் வேறு ஒன்று செய்தான். ஆள் மாறியதும் மலைக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து நின்றான். மேலால் தூக்கிப் போட வேண்டிய பந்து ஒரு கணம் பிந்தியது. அந்தக் கணத்துக்குள் அவன் பாய்ந்து, போடுகிறவனின் கையிலிருந்த பந்தைத் தட்டி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அவன் நிலத்தோடு நிலமாகப் பந்து தட்டுகிறவன். நெடுவல்கள் குனிவதற்குள் போய்விடுவான். கூடையடியில் இரண்டு பேர் அவன்மேல் பாய, பார்க்காமலே பின்னால் விட்டான். பின்னால் வந்துகொண்டிருந்த கால் கெதியில்லாத அந்த நெடுவல், வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியே நின்று போட்டான். போட்டுவிட்டுச் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தான்.

சுதாகரனின் உடம்பு கதிரையை விட்டு எழும்பிவிட்டது. உடனே உட்கார்ந்தான். பாசத்தில் பார்க்கிறேன் என்று தனக்குத் தானே சொன்னான். வீட்டு முற்றத்தில், பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில் எத்தனையோ தரம் பார்த்த ஆட்டம், அதனால் இனிக்கிறது. கண்டிப் பொடியன் இதே பந்தை விட்டிருந்தால் எழும்பியிருப்பேனா? அதற்குப் பிறகு ரூபன் செய்த நல்லது ஒவ்வொன்றையும் அவன் மனதில் வெட்டிக்கொண்டே வந்தான். பிழை வந்தால் மட்டும் விட்டுவைத்தான். அதுதான் நேர்மை என்று நினைத்தான்.

ஆட்டம் முடிந்தது. பொடியன்கள் தண்ணீர்க் குழாயடிக்குப் போனார்கள். வினாயகமூர்த்தி சுதாகரனை வெளியே வாகை மர நிழலுக்குக் கூட்டிப்போனார்.

"சொல்லும் சுதா. ரூபன் எப்பிடி?"

"சேர், அவன் என்ட மச்சான்…"

"அது எனக்குத் தெரியும். ஆட்டக்காரன் எப்பிடி எண்டு கேக்கிறன்."

"டிபென்ஸில மாட்டுவான் சேர். எங்கட நெடுவலுகள் கால் கெதியில்ல, எப்பவும் ஆள் மாத்தத்தான் வேணும். மாத்தினா ஒவ்வொருதரமும் இவனத்தான் தேடி அடிப்பாங்கள். ஒருத்தனுக்கு மேலால போட ஏலா, தூரத்துச் சூட்டும் கை உயரமில்லாததால தடுபடும். வயசும் இருபத்தேழு."

"கண்டிப் பொடியன்?"

"ஆறடி. ரெண்டு இடத்திலயும் காவல் நிப்பான். தூரத்துச் சூட் நல்லம். சின்ன வயசு, இன்னும் வளருவான்."

"அப்ப உம்மட முடிவு?"

வாகை மரம் காற்றில் ஆடிக் காய்களைக் கிலுக்கியது. உள்ளே எங்கோ ரூபன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"எங்கட டீமுக்கு ரூபன் பொருந்தான் சேர்."

வினாயகமூர்த்தி அவனை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். "சரி. நான் யோசிச்சுச் சொல்றன்" என்று வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் ரூபன்தான் இருந்தான். காத்தான்குடி தாண்டும்வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு காற்றுக்குள் சத்தமாக, "அத்தான், அந்த ரெண்டு கூடை போனது பிழதானே?" என்றான்.

"எல்லாருக்கும் போறதுதான்."

"சேர் என்ன சொன்னவர்?"

"யோசிச்சுச் சொல்றாராம்."

அதற்கு மேல் ரூபன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று சுதாகரன் நினைத்தான். கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன் என்றும் நினைத்தான். ஆனால் சொல்லியிருக்க மாட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டில் இருப்பது முள்ளின்மேல் இருப்பதாகிவிட்டது. சீதேவி காலையில் மாமாங்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடிக்கப் போனாள். ஏஜென்சிக்காரனின் அழைப்பு வந்தால் கைபேசியை அரிசிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அழகரத்தினம் வாயைத் திறக்கிறவர் இல்லை, கிழிந்த வலையைப் பொத்துகிற இடத்திலிருந்து, "என்ன மருமகன், சேரிட்டயிருந்து ஒரு சிலமனும் இல்லையா?" என்று ஒரே ஒருதரம் கேட்டார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டும் மணலை மீன் சொதியும் வந்தது. அடுத்த நாள் எருமைத் தயிரும் வந்தது. நன்றியை முன்கூட்டியே ஊட்டுகிறார்கள் என்று சுதாகரனுக்குத் தோன்றியது. வயிறு சரியில்லை என்று பாதியில் எழும்பினான்.

நிருஷா கிணற்றடியில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. நீங்க அவனப் பத்தி நல்லாத்தானே சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னன்."

"உள்ளதெண்டா?"

"நிருஷா, நான் என்ன சொன்னாலும் பிழதான். எடு எண்டா ஊர் காறித் துப்பும். றம்ஸீன்ட தம்பிய உயரமில்ல எண்டு அனுப்பின வாயால இவன எடு எண்டு எப்பிடிச் சொல்ற?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "ஊர் துப்புமெண்டு நீங்க பயந்தீங்க. சரி. அவன் சாரத்தில ஏறேக்க எதுக்குப் பயந்தவன் எண்டு ஒருநாளாவது கேட்டீங்களா?"

வாளியை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். அம்மாவுக்குச் சொல்லிவிடுவாளோ என்று அன்று முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தான். அவள் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவனுக்குச் சோறு போட்டது சீதேவிதான்.

வியாழக்கிழமை விடிந்து வெயில் ஏறுகிற நேரம். சுதாகரன் பள்ளிக்கூடம் வெளிக்கிட்டு, தலைக் கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். வாவிப் பக்கமிருந்து ரூபன் ஓடிவந்தான். இடுப்புவரை நனைந்திருந்தான், காலில் சேறு, கையில் பொலித்தீனில் சுற்றிய கைபேசி. பின்னால் அழகரத்தினம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, வயதை மறந்து அவசரமாக வந்தார்.

"அம்மா! எடுத்திட்டாங்க! சேர் போன் எடுத்துச் சொன்னவர், திங்கக்கிழம வந்து கையெழுத்து வைக்கட்டாம்!"

சீதேவி குசினியிலிருந்து மாவுக் கையோடு வந்து மகனின் முகத்தைப் பிடித்தாள். முகம் முழுக்க மாவானது. அழுதாள், ஏசினாள், மறுபடியும் அழுதாள். சுதாகரன் தலைக் கவசத்தோடு அப்படியே நின்றான். சந்தோஷம் வந்தது, அது உண்மை. அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது. வினாயகமூர்த்தி என்ன சொல்லி எடுத்தார்? யார் பெயரைச் சொன்னார்?

"எப்பிடி மனே எடுத்தவங்க? கண்டிப் பொடியன் பெரிய ஆளெண்டாங்களே" என்று கேட்டார் அழகரத்தினம்.

ரூபன் தகப்பனைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். சுதாகரனைப் பார்க்கவில்லை.

"அத்தான் சொல்லித்தான் எடுத்தவங்களாம் அப்பா."

நிருஷா திடுக்கிட்டுப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு, வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டேனே என்று. சீதேவி கோழியையும் தேடவில்லை, மகளையும் தேடவில்லை. மாவுக் கையைச் சேர்த்து மருமகனைக் கும்பிட்டாள். சுதாகரன் பின்னால் ஒரு அடி வைத்தான்.

ரூபன் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனான். சுதாகரன் பின்னாலேயே போனான்.

"மச்சான், சேர் உன்னட்ட அப்பிடியா சொன்னவர்?"

ரூபன் வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளினான். "இல்ல அத்தான். எல்லாத்தையும் சொன்னவர்."

"எல்லாத்தையுமெண்டா?"

"பொருந்தான் எண்டு நீங்க சொன்னதையும். கண்டிப் பொடியனப் பத்திக் கேட்டா ஏலுமானதெல்லாம் சொன்னீங்களாம், என்னப் பத்திக் கேட்டா ஏலாததெல்லாம் சொன்னீங்களாம். 'அந்த மனிசன் சொந்தக்காரனெண்ட பயத்தில கதைக்குது, நான் கண்ணால கண்டதத்தான் எடுத்தன். கால் கெதியில்லாத எங்கட நெடுவலுகள ஓட வைச்சது அவன் ஒருத்தன்தான்' எண்டார். உங்களோட கோவிக்க வேணாமெண்டும் சொன்னவர்."

சேறு தண்ணீரோடு கரைந்து வாழையடிக்கு ஓடியது. சுதாகரன் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"கோவமில்லையா உனக்கு?"

"இரிக்கு" என்றான் ரூபன். முதல்முறையாக நேரே பார்த்தான். "ஞாயித்துக்கிழம அந்தப் பந்த பின்னால விட்டனே, நீங்க ஒழும்பி நிண்டீங்க. நான் கண்டனான். ஒழும்பி நிண்ட மனிசன் பிறகு எப்பிடி அத்தான் அப்பிடிச் சொன்னீங்க?"

உள்ளே சீதேவி பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், எங்கட மருமகன்தான், எங்கட மருமகன்தான் என்று.

"அப்ப ஏன் மச்சான் அவங்களுக்கு முன்னால பொய் சொன்னாய்?"

ரூபன் மற்றக் காலையும் கழுவினான். வாளியைக் கவிழ்த்துக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தான்.

"நான் எப்பிடியும் ஒருநாள் கலியாணம் முடிச்சுப் போயிருவன் அத்தான். இந்த வீட்டில நீங்கதானே இரிக்கணும்."

சொல்லிவிட்டு ஈரக் காலோடு வீட்டுக்குள் போனான்.